ஆப்பிரிக்காவில் வெளிநாட்டுக் கலாச்சார மையங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலாச்சார மையம் என்று எதைச் சொல்கிறார்கள்? தூதரகத்தின் ஒரு பிரிவா, மொழிப் பள்ளியா?

இரண்டும் கலந்தது. சென்னையில் நுங்கம்பாக்கம் பக்கம் போய்வருகிறவர்களுக்கு அலியான்ஸ் பிரான்சேஸும் மாக்ஸ் முல்லர் பவனும் தெரிந்திருக்கும். மாலையில் மொழி வகுப்பு, நடுவில் ஒரு நூலகம், மாதத்துக்கு இரண்டு மூன்று திரையிடல், எப்போதாவது ஒரு கண்காட்சி. அதே வகை மையங்கள்தான் டாக்கர், அபிஜான், லாகோஸ், நைரோபி, ஜோகன்னஸ்பர்க் என்று ஆப்பிரிக்க நகரங்களிலும் இருக்கின்றன.

அலியான்ஸ் பிரான்சேஸ் 1883-இல் பாரிஸில் தொடங்கியது. பிரிட்டிஷ் கவுன்சில் 1934-இல் வந்தது. ஜெர்மனியின் கதே இன்ஸ்டிட்யூட் (சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன்) போருக்குப் பிறகு 1951-இல் வந்தது. நிர்வாகம் இடத்துக்கு இடம் மாறும். அலியான்ஸ் பெரும்பாலும் உள்ளூர்ச் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டிருக்கும். பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் தூதரகத்தோடு நேரடியாகப் பிணைந்தது. கதே இன்ஸ்டிட்யூட் பெயருக்குத் தன்னாட்சி அமைப்பு, ஆனால் பணத்தில் பெரும்பங்கு ஜெர்மன் வெளியுறவுத் துறையிலிருந்து வருகிறது.

இதனால் அந்த நாட்டுக்கு என்ன லாபம்?

நேரடி லாபம் எதுவும் கணக்கில் வராது. இந்த வேலையின் இயல்பே அப்படித்தான். ஒரு நகரத்தின் படித்த இளைஞர்கள் இருபது வயதில் எந்த நூலகத்தில் உட்கார்ந்தார்கள், யாருடைய மேடையில் முதன்முதலாக ஏறினார்கள், எந்த மொழியில் விண்ணப்பம் எழுதப் பழகினார்கள் என்பதெல்லாம் நாற்பது வயதில் வெளியே தெரியும். அவர்கள் அமைச்சராகலாம், பத்திரிகை ஆசிரியராகலாம், திரைப்பட இயக்குநராகலாம். அதற்கான முதலீடு இது. படை அனுப்புவதோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு.

இதே மையங்கள் உலகம் முழுவதும் இருக்கும்போது ஆப்பிரிக்காவை மட்டும் தனியாகப் பேசுவது ஏன்?

அங்கே பல நகரங்களில் ஒழுங்காக விளக்கும் ஒலியும் உள்ள ஒரே அரங்கு இந்த மையத்துக்குள்தான் இருந்தது என்பதுதான் காரணம்.

சென்னையில் ஒரு நாடகக் குழுவுக்கு பிரெஞ்சு மையம் இடம் தராவிட்டால் சபா இருக்கிறது, கல்லூரி அரங்கு இருக்கிறது. 1990-களில் மேற்கு ஆப்பிரிக்காவின் நடுத்தர நகரம் ஒன்றில் நடனக் குழு நடத்தியவருக்கு அந்த வசதி கிடையாது. 1980-களில் உலக வங்கியும் ஐ.எம்.எஃப்-உம் கடனுக்கு விதித்த நிபந்தனைகளால் அரசுச் செலவு சுருங்கியபோது, ஏற்கெனவே மெலிந்திருந்த கலாச்சார நிதிதான் முதலில் வெட்டுப்பட்டது. அரசு அரங்குகளின் கூரை ஒழுகியது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் கிடையாது. அந்த நேரத்தில் பிரெஞ்சு மையத்தில் ஒலிக்கருவி இருந்தது, அதை இயக்கத் தெரிந்த ஆள் இருந்தார், சுவரொட்டி அடிக்கப் பணம் இருந்தது, நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞருக்குச் சம்பளம் கையில் கிடைத்தது. இந்தக் கடைசி விஷயத்தைக் குறைத்து எடைபோடக் கூடாது. கலைக்குச் சம்பளம் உண்டு என்பதையே பலர் அங்கேதான் முதன்முதலில் பார்த்தார்கள்.

ஒரு மையம் நிஜமாகவே கலைஞரை உருவாக்கியதற்கு உதாரணம் உண்டா?

உண்டு. எனக்குப் பிடித்தது நைஜர் நாட்டுத் தலைநகர் நியாமேயின் கதை.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1934-இல் பிரான்ஸ் கொண்டுவந்த லவால் ஆணைப்படி, பிரெஞ்சுக் காலனிகளில் படம் எடுக்க வேண்டுமானால் அரசின் முன்அனுமதி தேவை. ஆப்பிரிக்கர்கள் கையில் கேமரா போய்ச் சேராமல் இருக்க அது வசதியாக உதவியது. மானுடவியலாளரும் படமெடுப்பவருமான பிரெஞ்சுக்காரர் ழான் ரூஷ் 1940-களிலிருந்தே நைஜரில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய 1958-ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் நடித்தவர் உமாரு காண்டா. இந்தோசீனப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு, அபிஜான் துறைமுகப் பகுதியில் கூலிவேலை பார்த்தவர். தன் வாழ்க்கையை ரூஷ் காட்டிய விதம் காண்டாவுக்கு முழுத் திருப்தி தரவில்லை.

ஊர் திரும்பிய காண்டா, நியாமேயில் இருந்த பிரெஞ்சு-நைஜர் கலாச்சார மையத்தின் திரைப்படக் குழுவில் சேர்ந்தார். படம் பார்த்தார்கள், பேசினார்கள், பயிற்சி நடந்தது. அங்கே நடந்த திரைக்கதைப் போட்டிக்காக அவர் எழுதியதுதான் 'கபாஸ்கபோ' என்ற படமானது. 1969-இல் வந்தது. இந்தோசீனாவிலிருந்து திரும்பும் ஒரு சிப்பாயின் கதை, அதாவது கிட்டத்தட்ட அவர் கதை. பிரெஞ்சுக்காரர் சொன்ன தன் கதையை, பிரெஞ்சு மையத்தில் உட்கார்ந்து திருத்தி எழுதினார் என்று சொல்லலாம். அதே நியாமேயில் ரூஷிடம் கற்றுக்கொண்ட இன்னொருவர் முஸ்தஃபா அலசான். வரைபடங்களை அசையவைக்கும் கலையில் ஆப்பிரிக்காவின் முன்னோடி அவர்.

அதே 1969-இல் பக்கத்து நாட்டில், அப்போது மேல் வோல்ட்டா, இப்போது புர்கினா பாசோ, தலைநகர் வாகடூகுவில் சில திரைப்பட ஆர்வலர்கள் கூடி ஆப்பிரிக்கப் படங்களுக்கென்று ஒரு வாரம் நடத்தினார்கள். இடம்? அங்கிருந்த பிரெஞ்சு-வோல்ட்டா கலாச்சார மையம். அந்த வாரம்தான் பின்னாளில் ஃபெஸ்பாகோ என்ற பெரிய திருவிழாவானது. 1972-இல் அதன் முதல் பெரும்பரிசான 'யெனெங்காவின் குதிரை'யை வென்றவர் உமாரு காண்டா.

அப்படியானால் ஆப்பிரிக்க சினிமாவை வளர்த்ததே பிரான்ஸ்தான் என்று சொல்லிவிடலாமா?

அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. 1960-களில் பிரெஞ்சுக் கூட்டுறவு அமைச்சகம் ஆப்பிரிக்கப் படங்களுக்குப் பணம் கொடுத்தது உண்மை. பதிலுக்கு வாங்கிக்கொண்டது, வணிகம் சாராத திரையிடல் உரிமை. எனவே அந்தப் படம் ஊரூராகப் பிரெஞ்சு மையங்களில் ஓடும். மையத்துக்கு வெளியே, டிக்கெட் வாங்கிப் பார்க்கும் கொட்டகைகளில் ஓடாது. ஏனென்றால் பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்காவின் கொட்டகைகளுக்குப் படம் அனுப்பும் தொழில் கோமசிகோ, செக்மா என்ற இரண்டு வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் இருந்தது. அவர்களுக்கு அமெரிக்க, ஐரோப்பிய, இந்தியப் படங்கள் போதும்.

பிள்ளை பெற்றது இவர்கள், பார்க்க அனுமதி வேறொருவர் வீட்டில் என்ற நிலை. மேல் வோல்ட்டா அரசு 1970-இல் கொட்டகைகளைத் தேசியமயமாக்கியது. ஃபெஸ்பாகோ பிரெஞ்சு மையத்தின் திரையை விட்டு வெளியே வந்து ஊருக்குள் வளர்ந்ததற்கு இந்த முடிவு முக்கியக் காரணம். மையம் தொடங்க இடம் கொடுத்தது. வளர இடம் கொடுத்தது உள்ளூர் அரசு.

இந்த மையங்களுக்குப் பின்னால் உளவுத்துறைப் பணம் இருந்தது என்கிறார்களே, அது கட்டுக்கதையா?

ஒரு விஷயத்தில் கட்டுக்கதை இல்லை, ஆவணமான உண்மை. ஆனால் அது தூதரக மையம் அல்ல, உள்ளூர்க்காரர்களே நடத்திய சங்கம். அதனால்தான் கதை இன்னும் சிக்கலாகிறது.

1961-இல் நைஜீரியாவின் இபாதான் நகரில் ம்பாரி என்ற எழுத்தாளர்-கலைஞர் சங்கம் தொடங்கியது. டுக்பே சந்தைப் பக்கத்தில் ஒரு பழைய லெபனான் உணவகத்தை எடுத்து, முற்றத்தைத் திறந்தவெளி அரங்காக்கி, கூடவே கண்காட்சி அறையும் நூலகமும் வைத்தார்கள். அங்கே கூடியவர்களின் பெயரைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். வோலே சோயிங்கா, சினுவா அச்சிபி, கவிஞர் கிறிஸ்டோபர் ஒகிக்போ, ஜே. பி. கிளார்க், தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேறி வந்திருந்த எஸ்கியா ம்ஃபலேலே. இவர்களை ஒன்றுசேர்த்ததில் பெரும்பங்கு ஜெர்மனியில் பிறந்த ஊல்லி பையருக்கு உண்டு. நூல் பதிப்பித்தார்கள். சோயிங்காவின் நாடகங்கள், ஒகிக்போவின் கவிதைகள், நிறவெறி அரசு வாயடைத்த டென்னிஸ் புரூட்டஸின் கவிதைகள் எல்லாம் ம்பாரி பதிப்பாக வந்தன. மொசாம்பிக் ஓவியர் மலங்காட்டானாவின் படங்களும் அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஜேக்கப் லாரன்ஸின் படங்களும் அங்கே காட்சிக்கு வந்தன. 1962-இல் ஓஷோக்போ ஊரிலும் ஒரு ம்பாரி தொடங்கியது. நாடகக்காரர் டுரோ லடிப்போ அங்கிருந்துதான் யோருபா இசைநாடகத்தை 1964-இல் பெர்லின் வரை கொண்டுபோனார்.

இதற்குப் பணம் பெருமளவில் வந்தது பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட 'கலாச்சாரச் சுதந்திரப் பேரவை'யிடமிருந்து. அதே பேரவைதான் 1962 ஜூனில் உகாண்டாவின் மகெரேரே பல்கலைக்கழகத்தில் நடந்த புகழ்பெற்ற ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாட்டுக்கும் உதவியது. கம்பாலாவில் பிறந்த வங்காளி வம்சாவளிக்காரர் ரஜத் நியோகி நடத்திய 'டிரான்சிஷன்' இதழுக்கும் அது பணம் கொடுத்தது. 1966-இலும் 1967-இலும் அமெரிக்கப் பத்திரிகைகள் போட்டு உடைத்தன: பேரவையின் பணம் சி.ஐ.ஏ-வின் பணம், அறக்கட்டளைகள் வழியாகச் சுற்றிவிட்டு வந்தது.

அப்போது சோயிங்காவும் அச்சிபியும் அமெரிக்காவுக்கு விலைபோனவர்களா?

இல்லை. பணத்தின் மூலம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. அவர்கள் எழுதியதைப் படித்தாலே போதும், வாஷிங்டனுக்குச் சேவகம் செய்யும் எழுத்து அதில் எதுவும் இல்லை.

ஆனால் பாதிப்பே இல்லை என்பதும் சரியில்லை. யார் அழைக்கப்படுகிறார்கள், யார் அழைக்கப்படவில்லை என்பதில்தான் அது இருக்கிறது. மகெரேரே மாநாடு ஆங்கிலத்தில் எழுதுகிற ஆப்பிரிக்கர்களுக்கானது. யோருபாவில் நாவல் எழுதிப் பெயர் வாங்கிய ஃபகுன்வாவுக்கோ, சுவாஹிலியின் பெரும் கவிஞர் ஷாபான் ராபர்ட்டுக்கோ அங்கே இடம் இல்லை. அந்த மாநாட்டில் மாணவராகக் கலந்துகொண்ட ஒருவர் பிற்பாடு இதைச் சுட்டிக்காட்டி எழுதினார். அவர் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ.

கூகி கலாச்சார மையங்களோடு மோதினாரா?

நேரடியாக ஒரு முறை. 1976-இல் அவரும் மிசெரே முகோவும் சேர்ந்து, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் இயக்கப் போராளி தெதான் கிமாதியைப் பற்றி எழுதிய நாடகத்தை நைரோபியில் கென்யா தேசிய அரங்கில் போட விரும்பினார்கள். பெயர்தான் தேசிய அரங்கு. சுதந்திரம் வந்து 13 ஆண்டுகள் ஆகியும் அதன் நாள்காட்டி ஐரோப்பியக் குழுக்களின் நிகழ்ச்சிகளால் நிரம்பியிருந்தது. பிரெஞ்சுக் கலாச்சார மையம் வரவழைத்த ஒரு பாலே நடனமும் அதில் உண்டு. கென்ய நாடகத்துக்குச் சில இரவுகளே கிடைத்தன. கூகி இதை மறக்கவில்லை, பல இடங்களில் எழுதியிருக்கிறார்.

அப்புறம் அவர் செய்ததுதான் முக்கியம். நகரத்து அரங்கை விட்டுவிட்டு லிமுரு பக்கத்துக் கமிரீத்து கிராமத்துக்குப் போனார். கிராமத்தவர்களே கட்டிய திறந்தவெளி அரங்கில், கிகூயு மொழியில், விவசாயிகளும் தொழிலாளிகளும் நடித்த நாடகம் 1977-இல் மேடையேறியது. சில வாரங்களில் கென்ய அரசு தடை விதித்தது. அந்த ஆண்டின் கடைசி நாள் கூகி கைதானார், விசாரணை இல்லாமல் ஏறத்தாழ ஓராண்டு சிறை. 1982-இல் அந்த அரங்கையே இடித்துத் தள்ளினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூகிக்குச் சில தேதிகளே கிடைத்தன என்பது மரியாதைக் குறைவு. சொந்த அரசு புல்டோசர் கொண்டுவந்தது. வெளிநாட்டு மையங்களைத் திட்டுகிற கட்டுரைகள் பலவும் இரண்டாவதைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. ஆப்பிரிக்கக் கலைஞர்கள் பலர் ஏன் தூதரக மதில்சுவருக்குள் ஒத்திகை பார்க்க விரும்பினார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

இந்த மையங்கள் கலையின் போக்கையே மாற்றினவா?

மாற்றின. 'இதை வரை, அதை வரையாதே' என்று யாரும் உத்தரவு போட்டதில்லை. எது வாங்கப்படும், எது விமானம் ஏறும் என்பது தெரிந்துவிட்டால் கை தானாகவே அந்தப் பக்கம் திரும்பும்.

ஜிம்பாப்வேயின் கற்சிற்பம் நல்ல எடுத்துக்காட்டு. ஃபிராங்க் மெக்யூவன் என்ற ஆங்கிலேயர் பாரிஸில் பிரிட்டிஷ் கவுன்சிலின் கலை அதிகாரியாக இருந்தவர். பிக்காசோ காலத்துப் பாரிஸில் ஊறியவர். அவர் 1957-இல் அன்றைய ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) சாலிஸ்பரியில், அதாவது இன்றைய ஹராரேயில், தொடங்கிய தேசியக் கலைக்கூடத்தின் முதல் இயக்குநராக வந்தார். கலைக்கூடத்திலேயே ஒரு பட்டறை தொடங்கி உள்ளூர்க்காரர்களை, காவலாளி வேலைக்கு வந்தவர்களையும் சேர்த்து, வரையவும் செதுக்கவும் தூண்டினார். தாமஸ் முகரோப்க்வா அப்படி வந்தவர்தான். சுற்றுலாப் பயணிக்கு விற்கும் பொம்மைகளைச் செதுக்கினால் மெக்யூவனுக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடப் பாணி ஓவியமும் பிடிக்காது. ஆவிகள், கனவுகள், தொன்மங்கள் என்றால் பிடிக்கும். 1971-இல் பாரிஸின் ரோடின் அருங்காட்சியகம் வரை அந்தச் சிற்பங்கள் போயின. இன்று உலகம் 'ஷோனா சிற்பம்' என்று அழைப்பதில் எவ்வளவு ஷோனா, எவ்வளவு மெக்யூவன் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. என் கணக்கில், கல்லும் கையும் அவர்களுடையவை, சல்லடை அவருடையது.

நடனத்திலும் இதே கதை. 1995-இல் அங்கோலாவின் லுவாண்டாவில் தொடங்கிய ஆப்பிரிக்க நடனப் போட்டியை நடத்தியது பிரெஞ்சுக் கலாச்சாரத் துறை. வென்றவர்களுக்கு ஐரோப்பியச் சுற்றுப்பயணம் கிடைக்கும். சில ஆண்டுகளில் எந்த நகரத்துக்குப் போனாலும் ஒரே மாதிரி நடனம் தென்பட ஆரம்பித்தது என்று அந்தத் துறையினரே முணுமுணுத்தார்கள். ஒரு மணி நேர நீளம், மூன்று நான்கு பேர், குறைந்த அரங்கப் பொருள். காரணம் அழகியல் மட்டுமில்லை. முப்பது பேர் கொண்ட குழுவுக்கு விமானச் சீட்டும் விசாவும் யார் கொடுப்பார்கள்?

பமாகோ புகைப்பட விழாவைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார்களே?

பெருமைப்பட வேண்டியதுதான். 1994-இல் மாலியின் தலைநகர் பமாகோவில் இரண்டு பிரெஞ்சுப் புகைப்படக்காரர்கள் தொடங்க, பிரெஞ்சு நிதி தாங்கிய விழா அது. செய்டு கெய்டாவும் மாலிக் சிடிபேயும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தங்கள் ஸ்டுடியோக்களில் ஊர்க்காரர்களைப் படமெடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, இரவல் ஸ்கூட்டர், புது ரேடியோ எல்லாம் வைத்துக்கொண்டு நிற்கும் மனிதர்கள். 1990-களில்தான் வெளியுலகம் அவர்களைப் பார்த்தது. சிடிபே 2007-இல், வெனிஸில் இரண்டாண்டுக்கொரு முறை நடக்கும் கலைப் பெருவிழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் பெற்றார். அந்தப் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே.

குறை என்னவென்றால், விழாவின் தொடக்க வாரத்தில் பாரிஸிலிருந்து வரும் விமானம் நிரம்பும், பமாகோவாசிகள் அவ்வளவாக வரமாட்டார்கள் என்ற புகார் நெடுநாளாக உண்டு.

விண்ணப்பம், விசா என்று அடிக்கடி சொல்கிறீர்கள். கலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இன்றைய செல்வாக்கு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. மையம் கொடுக்கும் நிதிக்கு ஒரு படிவம் உண்டு. திட்டத்தின் நோக்கம், எதிர்பார்க்கும் பயன், பயனாளிகள், வரவுசெலவு. இதைப் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ ஜெர்மன் அதிகாரி தலையாட்டும் நடையில் எழுதத் தெரிந்த கலைஞர் முன்னே போவார். அவரைவிட நன்றாக வரைகிற, ஆனால் மாலியின் பம்பரா மொழி மட்டும் பேசுகிற இன்னொருவர் பின்னால் நிற்பார். அந்த ஆண்டு நிதி 'பருவநிலை மாற்றம்' என்றால் எல்லாரும் பருவநிலை மாற்றம். அடுத்த ஆண்டு 'இடம்பெயர்வு' என்றால் எல்லாரும் இடம்பெயர்வு.

விசா இதைவிட வெளிப்படையானது. 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மாலியிலும் புர்கினா பாசோவிலும் அதற்கு முன்பே நடந்துவிட்டது. அந்த செப்டம்பரில் பிரான்சின் வட்டாரக் கலாச்சார அலுவலகங்கள் அரங்குகளுக்கும் விழாக்களுக்கும் ஒரு செய்தி அனுப்பின: இந்த மூன்று நாடுகளுடனான எல்லாக் கூட்டுப்பணிகளையும் நிறுத்துங்கள், விதிவிலக்கு கிடையாது. பிரான்சின் அரங்குகள் சங்கமே கொதித்தெழுந்தது. பிறகு அமைச்சர், கலைஞர்களைப் புறக்கணிக்கவில்லை, பாதுகாப்புக் காரணங்களால் விசா மட்டும் கொடுக்க முடியவில்லை என்று விளக்கம் தந்தார். விசா இல்லாமல் எப்படி வந்து ஆடுவது என்று கேட்டால் பதில் இல்லை. ஆட்சியைக் கவிழ்த்தது தளபதிகள், தண்டனை நடனக்காரர்களுக்கு. இப்படிக் கலை வழியாகப் பெறும் செல்வாக்கை 'மென்மையான அதிகாரம்' என்பார்கள்; அந்த 'மென்மையான' என்ற அடைமொழி எவ்வளவு சீக்கிரம் உதிர்ந்துவிடும் என்பதை அந்த ஒரு கடிதம் காட்டிவிட்டது.

மக்கள் இந்த மையங்களைத் தாக்கினார்களாமே?

ஆம். 2022 அக்டோபர் தொடக்கத்தில், புர்கினா பாசோவில் அந்த ஆண்டின் இரண்டாவது ராணுவப் புரட்சி நடந்தபோது, வாகடூகுவிலும் போபோ-டியூலாசோவிலும் இருந்த பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்களை ஆர்ப்பாட்டக்காரர்கள் தாக்கிச் சேதப்படுத்தினார்கள். கல்லெறிந்தவர்களின் கோபம் பிரெஞ்சுப் படைகள் மீது. கைக்கு எட்டிய பிரான்ஸ் அந்த நூலகம்தான்.

நியாமேயில் வேறு விதமாக நடந்தது. 2024-இல் நைஜரின் ராணுவ அரசு பிரெஞ்சுப் பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றியபோது, ழான் ரூஷின் பெயரைத் தாங்கியிருந்த பிரெஞ்சு-நைஜர் மையத்தின் பெயரையும் மாற்றியது. புதிய பெயர், முஸ்தஃபா அலசான் கலாச்சார மையம். ரூஷின் மாணவர் பெயர்! இதைப் பழிவாங்கல் என்று சொல்வதா, சரியான வாரிசு என்று சொல்வதா? ரூஷ் 2004-இல் நைஜர் சாலை விபத்தில் இறந்து நியாமேயிலேயே புதைக்கப்பட்டவர். அவருக்கே இந்த மாற்றம் பெரிதாக வலித்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

சீனா, ரஷ்யா, துருக்கி?

சீனாவின் கன்பூசியஸ் இன்ஸ்டிட்யூட் 2005-இல் நைரோபிப் பல்கலைக்கழகம் வழியாக ஆப்பிரிக்காவுக்குள் வந்தது. அது பெரும்பாலும் மொழி வகுப்பு. வேலை தேடும் இளைஞர்களுக்குப் பயன்படுகிறது. கலைஞர்களோடு உரசல் குறைவு. சீனா கட்டிடமாகக் கொடுப்பதை விரும்புகிறது. டாக்கரில் தேசியப் பேரரங்கு, 2018 டிசம்பரில் திறந்த கறுப்பின நாகரிகங்கள் அருங்காட்சியகம் இரண்டும் சீன நிதியில் எழுந்தவை. உள்ளே எதை மாட்டுவது என்பதைச் செனகல்காரர்களிடமே விட்டுவிட்டார்கள். பிரெஞ்சு மையத்தின் பாணிக்கு நேரெதிர் இது. ஆனால் பிரமாண்டமான கட்டிடத்துக்கு மாதாமாதம் மின்கட்டணம் கட்டுவது யார் என்ற கேள்வி பின்னாலேயே வரும்.

ரஷ்யா சோவியத் காலத்தில் உதவித்தொகை வழியாகச் சாதித்தது அதிகம். செனகலின் செம்பேன் உஸ்மான், மாலியின் சுலைமான் சிசே, மொரிட்டானியாவின் அப்துர்ரஹ்மான் சிசாக்கோ மூவரும் மாஸ்கோவில் சினிமா கற்றவர்கள். மூவரில் ஒருவரும் மாஸ்கோ பாணிப் படம் எடுக்கவில்லை என்பது வேறு விஷயம். 'ரஷ்ய இல்லம்' என்ற பெயரில் இயங்கும் இப்போதைய கலாச்சார மையங்கள் அந்தத் தரத்தில் இல்லை. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்குயியில் ரஷ்ய இல்லத்தை நடத்தியவர் மீது, ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படையோடு தொடர்புடையவர் என்று அமெரிக்கா தடை விதித்திருக்கிறது.

துருக்கி தன் பழங்காலக் கவிஞர் யூனுஸ் எம்ரே பெயரில் மையங்கள் நடத்துகிறது. கலை உலகில் இன்னும் பெரிதாகப் பேசப்படவில்லை.

இந்தியா?

1950-இல் தொடங்கிய ஐ.சி.சி.ஆர் (இந்தியக் கலாச்சார உறவுகள் கவுன்சில்) வழியாக மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா, எகிப்து உள்ளிட்ட நாடுகளில் மையங்கள் உண்டு. யோகா, கதக், இந்தி, சில இடங்களில் கர்நாடக இசை. பெரும்பாலும் இந்திய வம்சாவளியினருக்கும் யோகா ஆர்வலர்களுக்கும் பயன்படுகின்றன. ஒரு ஆப்பிரிக்கக் கலைஞரின் புதுப் படைப்புக்கு இடமும் பணமும் கொடுக்கும் வேலையை அவை அதிகம் செய்வதில்லை. நம் மையங்கள் நம்மைக் காட்டத்தான் தெரிந்தவை.

கலைஞர்கள் சொந்தமாக இடம் கட்டவில்லையா?

கட்டினார்கள், கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கேமரூனின் டுவாலாவில் 1991-லிருந்து மரிலின் டுவாலா பெல் தன் கணவரோடு சேர்ந்து தொடங்கிய டுவால்'ஆர்ட். செனகலின் கடலோர ஊரான துபாப் டியலாவில் ஜெர்மெய்ன் அகோனி நிறுவிய நடனப் பள்ளி. தரை முழுக்க மணல் போட்ட ஒத்திகைக்கூடம் அதற்குப் பெயரும் கொடுத்தது. வாகடூகுவில் சாலியா சானுவும் செய்டு போரோவும் 2006-இல் திறந்த நடன மையம் லா தெர்மிதியேர். இவர்கள் இருவரும் பிரெஞ்சு வட்டத்தில் ஆடிப் புகழ் பெற்றவர்கள், அந்தப் புகழை ஊருக்குக் கட்டிடமாகக் கொண்டுவந்தார்கள். காங்கோவின் கிசங்கானியில் ஃபாஸ்டின் லின்யெகுலாவின் ஸ்டுடியோஸ் கபாக்கோ. லாகோஸில் 2007-இல் பிசி சில்வா தொடங்கிய சமகாலக் கலை மையம்; நூலகம்தான் அதன் உயிர். டாக்கரில் கோயோ குவோவின் ரா மெட்டீரியல் கம்பெனி. 2026 வெனிஸ் பெருவிழாவை வடிவமைக்கும் பொறுப்பு கோயோ குவோவுக்குக் கிடைத்திருந்தது. 2025 மே மாதம் அவர் திடீரென்று காலமானார்.

இவற்றுக்கும் ஐரோப்பியப் பணம் வருகிறதே என்று சிலர் மடக்குவார்கள். வருகிறது. வித்தியாசம், நாள்காட்டி யார் கையில் இருக்கிறது என்பது. தூதரகத்தில் இயக்குநர் மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார், அடுத்தவருக்கு ஜாஸ் பிடித்தால் நடனத்துக்குத் தேதி கிடைக்காது. பிசி சில்வா மாற்றலாகிப் போகவில்லை.

ஒரு மையத்தின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து அதை எடைபோட வழி உண்டா?

சில விஷயங்களை முதலில் பார்ப்பேன். சுவரொட்டியில் உள்ளூர் மொழி இருக்கிறதா? நுழைவுக் கட்டணம் ஊரின் பேருந்துக் கட்டணத்தோடு ஒப்பிட எவ்வளவு? உள்ளே போக வாசலில் அடையாள அட்டை கேட்கிறார்களா? உள்ளூர்க் கலைஞருக்கும் ஐரோப்பாவிலிருந்து வந்த விருந்தினருக்கும் ஒரே சம்பளமா? பதிவு செய்யும் ஒளி-ஒலியின் உரிமை யாருக்கு? கடைசியாக, அந்தப் படைப்பு பாரிஸுக்கும் பெர்லினுக்கும் போன அளவுக்குப் பக்கத்து ஆப்பிரிக்க நகரங்களுக்குப் போயிருக்கிறதா? பெரும்பாலான மையங்கள் தோற்பது இந்தக் கடைசிக் கேள்வியில்தான். டாக்கரில் உருவான நாடகம் கானாவின் அக்ராவுக்குப் போவதைவிட பிரான்சின் லிமோஜ் நகருக்குப் போவது இன்றும் சுலபம்.

மையங்கள் மூடப்பட்டால் ஆப்பிரிக்கக் கலை என்னவாகும்?

சில இடங்களில் கஷ்டப்படும். சிறு நகரங்களில் ஒலிக்கருவியும் நூலகமும் சேர்ந்தே போகும். ராணுவ அரசுகள் தேசியப் பெருமை பேசுகிற அளவுக்குக் கலைக்குச் செலவழிப்பதில்லை. விமர்சிக்கும் கலைஞரைச் சகிப்பதும் இல்லை. பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் போன இடத்தில் சுதந்திரம் வந்து உட்கார்ந்துவிடும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

அதற்காக எல்லாம் நின்றுவிடும் என்பதும் இல்லை. வாகடூகுவின் பிரெஞ்சு மையத்தில் ஒரு வாரமாகத் தொடங்கிய ஃபெஸ்பாகோ, அந்த இன்ஸ்டிட்யூட் தாக்கப்பட்ட பிறகும் 2023-இல் நடந்தது, 2025-இலும் நடந்தது. 2025-இன் பெரும்பரிசு புர்கினா பாசோவின் டானி குயாத்தேக்கு. மோசி மக்கள் பேசும் மூரே மொழியில் எடுத்த படம். புர்கினா பாசோக்காரர் ஒருவர் அந்தப் பரிசை வாங்கி 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.